அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று உறைவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதிரி பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிய டெஸ்க்டாப்புகளுக்கும், கடையில் சொல்லிப் பூட்டி வாங்கியவற்றுக்கும் உரியது இது. விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு வேண்டியதும் அங்கங்கே உண்டு. முதல் நான்கு கேள்விகளைப் படித்து முடிக்காமல் யாரும் புதுப் பாகம் வாங்கக் கிளம்ப வேண்டாம்.

ஒரு வாரம் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு ஒரே நாளில் நாலு தடவை நிற்கிறது. இதில் காரணம் என்று ஒன்றைக் கண்டுபிடிக்கவே முடியுமா?

முடியும். "எப்போது வேண்டுமானாலும் நிற்கிறது" என்று சொல்பவர்களிடம் கேட்டால், எப்போது நின்றது என்று ஒருவரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மானிட்டர் பக்கத்தில் ஒரு தாளை வையுங்கள். ஒவ்வொரு முறையும் நேரம், திரையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, எந்த விதத்தில் நின்றது, அந்த நேரத்தில் வீட்டில் வேறென்ன நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்தாதீர்கள். தண்ணீர் மோட்டார் போட்டது, ஏசி கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது, கரண்ட் போய் யூபிஎஸ் கத்தியது எல்லாம் அதில் அடங்கும்.

பத்து வரி சேர்ந்தால் போதும், சாயல் தெரிய ஆரம்பிக்கும். மதியத்துக்கு மேல்தான் நிற்கிறது என்றால் சூட்டைச் சந்தேகிக்கலாம். கேம் ஆடும்போது மட்டும் என்றால் கிராபிக்ஸ் கார்டு அல்லது எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). காலையில் முதல் தடவை ஆன் செய்ததும் ஒருமுறை நின்று, ரீசெட் செய்தபின் நாள் முழுக்க ஓடுகிறது என்றால் ராம் அமைப்பையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள். யாரும் தொடாமல் சும்மா கிடக்கும்போது மட்டும் நிற்பது தனி வகை. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

எந்த விதத்தில் நின்றால் என்ன, எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

விசிறி, விளக்கு உட்பட மொத்தமாக அணைந்துபோனால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்திருக்கிறது, அல்லது ப்ராசசர் எல்லை மீறிச் சூடாகி மதர்போர்டு அணைத்திருக்கிறது. மறுபடி ஆன் ஆக மறுத்து, பின்புறச் சுவிட்சை அணைத்துச் சில விநாடி கழித்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் பக்கம்தான் கை நீள வேண்டும்.

தானாக ரீஸ்டார்ட் ஆனால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, மின்சாரம் ஒரு கணம் தடுமாறியது. இன்னொன்று, ப்ளூ ஸ்க்ரீன் வந்து நீங்கள் பார்ப்பதற்குள் போய்விட்டது. இதைப் பிரித்தறிய, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்பதன் கீழ் தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள். இன்றே செய்ய வேண்டிய வேலை இது.

படம் அப்படியே நின்று, கடைசியாக வந்த ஒலி மட்டும் 'ட்ர்ர்ர்' என்று ஒரே இடத்தில் சுற்றினால் ப்ராசசர், ராம், அல்லது பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் (கிராபிக்ஸ் கார்டு போன்றவை போர்டோடு பேசும் பாதை) ஏதோ ஒன்று பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. திரை கறுத்து, கார்டின் விசிறி மட்டும் முழு வேகத்தில் இரைந்து, பாட்டோ நண்பரின் குரலோ தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் கிராபிக்ஸ் கார்டு மட்டும் விழுந்திருக்கிறது. மவுஸ் நகர்கிறது, எதைத் தட்டினாலும் திறக்கவில்லை, அரை நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாகக் குதித்து வருகிறது என்றால் எஸ்எஸ்டி அல்லது ஹார்டு டிஸ்க்.

ப்ளூ ஸ்க்ரீன் வந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவதற்கு முன் ஒரு வார்த்தையாவது எழுதிவிட்டுப் போகிறது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அதன் நிறம் கறுப்பாகிவிட்டது, செய்தி அதேதான்.

உறைந்தவுடன் ரீசெட் அழுத்திவிடலாமா?

ஒரு நிமிடம் பொறுங்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, திரைதான் செத்திருக்கிறது. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு B எழுத்தை அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். படம் திரும்பி வந்தால் விசாரணை கார்டோடு சுருங்கிவிட்டது. கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை என்றால் அடிமட்டத்திலேயே நின்றுவிட்டது. ரீசெட்டைத் தவிர வழியில்லை.

லினக்ஸில் இன்னும் நல்ல சோதனை, இன்னொரு கணினியிலிருந்து நெட்வொர்க் மூலம், எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்ப்பது. நுழைய முடிந்தால் கெர்னல் பதிவுகளை அப்போதே எடுத்துவிடலாம்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக வருகிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா?

கடைகளில் இந்த ஒரு வரியைக் காட்டி எத்தனையோ எஸ்எம்பிஎஸ்கள் விற்கப்பட்டிருக்கின்றன. 41 என்பது வெறும் இறப்புச் சான்றிதழ். கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்று மட்டுமே அதற்குத் தெரியும். நீங்களே ரீசெட் அழுத்தினாலும், ப்ளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 விழும்.

அதன் உள்ளே, டீட்டெயில்ஸ் பகுதியில் 'பக்செக் கோடு' என்ற எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை. மின்சாரம் அறுந்ததாகவோ கெட்டியான உறைதலாகவோ இருக்கலாம். வேறு எண் இருந்தால் ப்ளூ ஸ்க்ரீன் வந்திருக்கிறது. இதில் ஒரு சிக்கல்: இங்கே எண் பதின்ம முறையில் இருக்கும், ப்ளூ ஸ்க்ரீன் கோடுகளை உலகமே பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் எழுதும். இங்கே 292 என்று இருப்பதுதான் அங்கே 124. அதே மாதிரி 278 என்பது 116, 26 என்பது 1ஏ.

41-ஐ விட்டுவிட்டு அதற்கு முந்தைய சில நிமிடங்களில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தேடுங்கள். 'வீயா-லாகர்' என்று இருந்தால் வன்பொருளே தன் பிழையைச் சொல்கிறது. அதில் 18 கொடியது, 17-உம் 19-உம் திருத்தப்பட்ட பிழைகள். 18-இல் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால் ப்ராசசரின் ஒரே கோர்தான் தவறுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 4101 என்றால் டிஸ்ப்ளே டிரைவர். 129 அல்லது 153 என்றால் டிஸ்க்.

இந்தப் பட்டியல் மிரட்டினால் ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறங்கள். அதே கதையை நாள்வாரியாக, சிவப்புப் பெருக்கல் குறிகளோடு காட்டும்.

ப்ளூ ஸ்க்ரீன் கோடுகளை எப்படிப் படிப்பது?

ஒரே கோடு திரும்பத் திரும்ப வருகிறதா, தினம் ஒன்றாக வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். தினம் ஒரு கோடு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு டிரைவர் பெயர் என்றால் எனக்கு முதல் சந்தேகம் ராம் மேல். நினைவகம் கெட்டிருந்தால் அந்த நேரத்தில் அங்கே யார் உட்கார்ந்திருந்தாரோ அவர் பெயர் அடிபடும். அவர் மேல் குற்றமில்லை.

திரும்பத் திரும்ப 124 என்றால் வன்பொருள்: ப்ராசசர், அதன் வோல்டேஜ், சில சமயம் பிசிஐ எக்ஸ்பிரஸ். 101 என்றால் ஒரு கோர் பதில் சொல்லவில்லை, அதுவும் பெரும்பாலும் ப்ராசசர் வோல்டேஜ் சமாச்சாரம். 116 கிராபிக்ஸ். கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்கப் பார்க்கும், அதுவும் முடியாமல் போனால் இது வரும். 7ஏ என்றால் டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை. 1ஏ, 50 இரண்டும் ராம் சோதனைக்கு அழைப்பு. 133 என்றால் ஏதோ ஒரு டிரைவர் அளவுக்கு மீறி இழுத்தடித்தது. எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்), நெட்வொர்க் டிரைவர் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டர் இருக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபக் மென்பொருளில் அந்தக் கோப்புகளைத் திறந்து 'அனலைஸ்' கொடுத்தால் போதும்.

கடைக்காரர் ஃபார்மட் அடித்துத் தருகிறேன் என்கிறார். சரியாகுமா?

டிரைவர் குழப்பம் என்றால் சரியாகும். மற்றபடி உங்கள் படங்கள்தான் போகும். ஃபார்மட் அடிக்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டு. ஒரு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் 'ட்ரை' முறையில் சில மணி நேரம் ஓட்டுங்கள். உங்கள் விண்டோஸும் உங்கள் எஸ்எஸ்டியும் தொடப்படாத அந்த நிலையிலும் உறைந்தால் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது.

ராம் சந்தேகத்துக்குரியதாக இருக்கும்போது விண்டோஸை மறுபடி நிறுவுவது கூடவே கூடாது. கெட்ட ராம் வழியாக எழுதப்படும் கோப்புகளும் கெட்டே எழுதப்படும். அதே காரணத்துக்காக, சோதனை முடியும்வரை பேக்கப் எடுத்தால் பழைய பேக்கப்பின் மேல் எழுதாமல் தனியாக எடுங்கள்.

ராமை எப்படிச் சோதிப்பது? விண்டோஸிலேயே ஒரு சோதனை இருக்கிறதே?

அது பிழை கண்டால் நம்பலாம், பிழை இல்லை என்றால் நம்ப முடியாது. மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ் இரண்டில் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். முன்னதன் இலவசப் பதிப்பு 4 சுற்றோடு நின்றுவிடும். பின்னது திறமூலம், நிறுத்தும்வரை ஓடும். எத்தனை பிழை வரை பரவாயில்லை என்று கேட்பார்கள். ஒன்றுகூட ஆகாது.

ஆனால் அதற்கு முன்னால் பயாஸுக்குள் (ஆன் செய்ததும் வரும் மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ அல்லது டிஓசிபி என்று இருக்கும். ராம் பெட்டியில் பெரிதாக 3600, 6000 என்று அச்சடித்திருப்பது இந்த அமைப்பில் மட்டும் கிடைக்கும் வேகம். அது ஓவர்கிளாக்கிங், அதாவது விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ராம் தாங்கும் என்றுதான் ராம் கம்பெனி சொல்கிறது. உங்கள் ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் உங்கள் மதர்போர்டும் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. எக்ஸ்எம்பியை அணைத்துச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். உறைவது நின்றுபோனால் பைசா செலவில்லாமல் பாதி வழி வந்துவிட்டீர்கள். பிறகு வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளலாம், பயாஸ் புதுப்பித்துப் பார்க்கலாம்.

நாலு ஸ்லாட்டிலும் ராம் செருகியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும். டிடிஆர்5-இல் நாலு ஸ்டிக் என்பது கன்ட்ரோலருக்குப் பெரும் சுமை. ரைசன் 7000 வரிசைப் ப்ராசசர்களுக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலுக்கு வெறும் 3600. நாலு ஸ்டிக் போட்டு 6000-இல் ஓட்டிக்கொண்டு உறைகிறது என்று வருந்துவதில் அர்த்தமில்லை. முதலில் ஒரு ஜோடி வாங்கி, ஆறு மாதம் கழித்து அதே பெயரில் இன்னொரு ஜோடி வாங்கிச் சேர்ப்பதும் இந்த வகைதான். பெட்டியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம்.

இரண்டே ஸ்டிக் என்றால் ப்ராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். ஏ2, பி2 என்று போர்டிலேயே அச்சிட்டிருக்கும். இன்னொன்று: டிடிஆர்5 போர்டுகள் புதிதாக ராம் போட்டபின் முதல் தடவை பல நிமிடம் கறுப்புத் திரையோடு இருக்கும். அது பழகிக்கொள்ளும் நேரம். பொறுமையிழந்து அணைக்காதீர்கள்.

ராம் சோதனையில் பாஸ். அப்போது ராம் நல்லதுதானே?

ராம் அநேகமாக நல்லது. ஆனால் மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, கேபினட் குளிர்ந்து கிடக்கிறது. கேம் ஓடும்போது கார்டின் வெப்பக்காற்று நேராக ராமின் மேல் அடிக்கும். ஆகவே விண்டோஸுக்குள்ளேயே ஓசிசிடி, ஒய்-க்ரஞ்சர், ப்ரைம்95-இன் லார்ஜ் எஃப்எஃப்டி ஆகியவற்றில் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டில் சோதிக்க முடியுமா?

முழுமையாக முடியாது, அதனால்தான் எல்லாரும் அதன் மேல் பழிபோடுகிறார்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் வரி 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருந்தால் ஏடிஎக்ஸ் விதிப்படி சரி. ஆனால் கார்டு ஒரு கணம் இழுக்கும் மின்சாரத்தில் ஏற்படும் பள்ளத்தை மல்டிமீட்டர் காட்டாது. மென்பொருளில் தெரியும் வோல்டேஜ் அதைவிட நம்பத்தகாதது.

மறைமுகமான சோதனை ஒன்று நன்றாக வேலை செய்யும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, கேமில் ஃபிரேம் ரேட்டை 60-க்குக் கட்டி, அதே கேமை ஆடுங்கள். அணைவது நின்றுவிட்டால் எஸ்எம்பிஎஸ், அதன் கேபிள், அல்லது கார்டு. மூன்றில் கேபிள்தான் மலிவு, அதிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரட்டைத் தலையாக வரும் இரண்டு 8 பின் கனெக்டர்களையும் ஒரே கார்டில் செருகியிருந்தால், மாற்றித் தனித்தனிக் கேபிள் போடுங்கள். ஒரு 8 பின்னுக்கு 150 வாட் என்பது கணக்கு. புதிய கார்டுகளின் 16 பின் கனெக்டர் கடைசிவரை உள்ளே போயிருக்க வேண்டும், இடைவெளி தெரியவே கூடாது.

வாட் கணக்கு சரியாக இருந்தும் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் அணைவதற்கு, மில்லி விநாடிகூட நீடிக்காத உச்ச இழுப்புகள் காரணம். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரு மடங்கு வரையிலான உச்சத்தைச் சிறு கணம் தாங்க வேண்டும் என்கிறது. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டு ஓட்டுபவர்கள் மேலே சொன்ன எந்தச் சோதனையும் செய்ய வேண்டியதில்லை. அதை மாற்றிவிட்டு மறுபடி வரலாம்.

இரண்டு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும். மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதியதில் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துத் தலையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஹார்டு டிஸ்க்குகள் புகைந்துபோக இது ஒன்றே போதும்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. இதற்கும் உறைவதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, உடனே கவனிக்க வேண்டியது. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிச் சுற்றில் இரண்டு மின்தேக்கிகள் ஃபேஸையும் நியூட்ரலையும் எர்த்தோடு இணைக்கின்றன. எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் உடம்பே 230-இல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு மிதக்கும். தொட்டால் சுர்ரென்று இருப்பது அதுதான். யூஎஸ்பி கருவிகள் விட்டுவிட்டு இணைவது, பென் டிரைவ் செருகியதும் உறைவது போன்ற புதிர்கள் இந்த மாதிரி வீடுகளில் சாதாரணம். மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் கம்பியே அறுந்திருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும் என்பதால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய முழு 230 வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் யூபிஎஸ் மாறுகிறது, ஆனால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. யூபிஎஸ் புதுசுதான்.

கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யூபிஎஸ்ஸின் உண்மையான திறன் பொதுவாக 360 வாட். கேம் ஆடும்போது கார்டு மட்டுமே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சும்மா இருக்கும்போது கரண்ட் போனால் தாங்கும், கேமில் போனால் தாங்காது என்றால் இதுதான். மானிட்டரையும் ஸ்பீக்கரையும் யூபிஎஸ்ஸிலிருந்து எடுத்தால் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி யூபிஎஸ் இல்லாமல் ஓட்டுபவர்கள், இன்வெர்ட்டரில் 'யூபிஎஸ் மோடு' சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண நிலையில் மாறும் நேரம் கணினிக்கு மிக நீளம்.

சூடு எவ்வளவு வரை போகலாம்?

சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் பதிவு போடும் நிலையில் ஓடவிட்டுப் பிறகு கேம் ஆடுங்கள். நின்ற பிறகும் கோப்பு இருக்கும், கடைசி வரிகளைப் பார்த்தால் போதும். அண்மைக்கால இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் 100 டிகிரியில் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000-இல் அந்த எல்லை 95, கனமான வேலையில் அதைத் தொடுவதைச் சகஜமாக எடுத்துக்கொள்ளும்படிதான் ஏஎம்டி அதை வடிவமைத்திருக்கிறது. ஆகவே 90 என்று பார்த்ததும் பதற வேண்டாம். சூடான ப்ராசசர் முதலில் மெதுவாகும், நேராக உறையாது. சூட்டில் முந்திக்கொண்டு தவறுவது கார்டின் மெமரி, மதர்போர்டின் வோல்டேஜ் பகுதி, எம்.2 எஸ்எஸ்டி ஆகிய யாரும் பார்க்காத இடங்கள்.

சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது கேபினட்டுக்குள் அதைவிடக் குறைவாக இருக்க வழியே இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒரு மேசை விசிறியை நேராக உள்ளே திருப்பி ஒரு நாள் ஓட்டுங்கள். நின்றுபோனால் சூடு உறுதி. ஹீட்சிங்க்கின் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டியவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கடைகளிலும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்களில் கோளாறு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஐ9, ஐ7, ஐ5-இல் 13600கே, 14600கே வகையறாக்கள் இதில் அடங்கும். ப்ராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டு, உள்ளே ஒரு சுற்று நாளடைவில் தேய்ந்து, பழைய வேகத்துக்குப் பழைய வோல்டேஜ் போதாமல் போகிறது. 2024 ஜூலையில் இன்டெல் இதை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 129, செப்டம்பரில் 12பி, 2025 மே மாதம் 12எஃப் என்று மைக்ரோகோடுகள் (ப்ராசசருக்கான உள் திருத்தங்கள்) பயாஸ் அப்டேட் வழியாக வந்தன. பெட்டியோடு வாங்கிய ப்ராசசர்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டி மொத்தம் ஐந்தாக்கினார்கள்.

இதன் அறிகுறி வேடிக்கையானது. கார்டில் மெமரி தாராளமாக இருந்தும் அன்ரியல் எஞ்சின் கேம்கள் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி விழும். பெரிய ஜிப் கோப்புகள் விரியும்போது சிஆர்சி பிழை காட்டும். என்விடியா டிரைவரே நிறுவும்போது கெடும். பார்ப்பவர் கார்டை மாற்றுவார், ராமை மாற்றுவார். நோய் ப்ராசசரில் இருக்கும்.

தேய்ந்ததை மைக்ரோகோடு திருப்பித் தராது. இனி தேயாமல் காக்கும், அவ்வளவுதான். இன்று பயாஸ் புதுப்பித்த பிறகும் இந்த அறிகுறிகள் தொடர்ந்தால் ப்ராசசரை மாற்றிக் கேளுங்கள். பெட்டியில்லாமல் 'ட்ரே' ப்ராசசராக வாங்கியவர்கள் விற்ற கடையிடம்தான் கேட்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று ட்ரே வாங்கப் போகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரைசன் வைத்திருக்கிறேன். கேம் ஆடினால் ஒன்றும் ஆவதில்லை, சும்மா விட்டால் உறைகிறது.

மேலே சொன்ன தனி வகை இதுதான். வேலையில்லாதபோது ப்ராசசர் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகிறது, அப்போது அது இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். சில எஸ்எம்பிஎஸ்கள் அந்தச் சொற்பத்தில் நிலைகொள்ளாது. பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதைத் தேடி 'டிபிக்கல் கரன்ட் ஐடில்' என்று வையுங்கள். 2017-இல் வந்த முதல் ரைசன்களில், அதிலும் லினக்ஸில், இது பரவலாக இருந்தது.

ப்ராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 30 போட்டு 'ஸ்ட்ரெஸ் டெஸ்டில் பாஸ்' என்று மகிழ்ந்தவர்களுக்கும் இதே கதிதான். கனமான வேலையில் வேகம் குறைவு, வோல்டேஜ் தாங்கும். சும்மா இருக்கையில் ஒரு கோர் மட்டும் சட்டென்று உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எத்தனை மணி நேரம் ஓடினாலும் இது பிடிபடாது.

உறையாமல், ஓரிரு விநாடி திக்கித் திக்கி ஒலியோடு இழுத்துவிட்டுச் சரியாகிறது என்றால் எஃப்டிபிஎம் (ப்ராசசரோடு வரும் பாதுகாப்புப் பகுதி) பிரச்சினையாக இருக்கலாம். 2022-இல் ஏஎம்டி ஒப்புக்கொண்டு பயாஸ் அப்டேட்டில் சரிசெய்தது. பழைய பயாஸோடு இன்றும் ஓடும் போர்டுகள் நிறைய.

எஸ்எஸ்டி புதுசு, ஹெல்த் 100 சதவீதம் காட்டுகிறது. அதனால் உறையுமா?

உறையும். ஹெல்த் என்பது தேய்மானத்தைச் சொல்கிறது, ஃபர்ம்வேரின் புத்தியைச் சொல்வதில்லை. முன்பு க்ரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி, ஓட்ட நேரம் 5184 மணியைத் தொட்டதும், அதாவது 216 முழு நாள் ஆனதும், பதில் சொல்வதை நிறுத்தியது. ரீஸ்டார்ட் செய்தால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நின்றது. 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேரில்தான் தீர்ந்தது. அதுவரை எத்தனை பேர் ராமையும் போர்டையும் மாற்றியிருப்பார்களோ. ஆகவே தயாரிப்பாளரின் மென்பொருளில் ஃபர்ம்வேர் புதியதா என்று பாருங்கள்.

சாட்டா டிரைவ் என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி7 எண் ஏறிக்கொண்டே போகிறதா பாருங்கள். ஏறினால் டிரைவ் அல்ல, கேபிள். சி5 ஏறினால் டிரைவ்தான், இன்றே நகல் எடுங்கள். என்விஎம்இ என்றால் பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸின் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்' என்பதை அணைத்துச் சில நாள் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு?

டிடியூ என்ற இலவச மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கார்டை ரைசர் கேபிள் வழியாக நிமிர்த்தி வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள், அல்லது பயாஸில் ஸ்லாட்டை ஜென் 3-க்கு இறக்குங்கள். ப்ராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் அதில் ஓட்டுவதுதான் ஐயத்துக்கு இடமில்லாத சோதனை.

மாற்றிப் பார்க்க உதிரி பாகங்கள் கையில் இல்லை. என்ன செய்வது?

மாற்ற வேண்டாம், குறையுங்கள். பயாஸை டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, ஒரே ராம், ஒரே டிரைவ், கீபோர்டு, மவுஸ். ஆர்ஜிபி கன்ட்ரோலர், யூஎஸ்பி ஹப், வைஃபை டாங்கிள், கேபினட்டின் முன்பக்க யூஎஸ்பி இணைப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒழுங்காக ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே நாளில் மூன்றைச் சேர்த்தால் எது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்துதான்.

குறைத்தும் உறைந்தால் போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப் பெட்டி மேல் வைத்து ஓட்டுங்கள். அங்கே ஓடிவிட்டால் கேபினட்டில் எங்கோ ஷார்ட். போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் பித்தளைத் திருகு நின்றுகொண்டிருக்கும், அல்லது ரீசெட் பொத்தான் சிக்கியிருக்கும். ரீசெட் ஒயரைக் கழற்றுவது ஒரு நிமிட வேலை, அதையே முதலில் செய்துவிடலாம்.

சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் 'கோளாறு எதுவும் இல்லை' என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

எப்போதாவது வரும் கோளாறு அவர்கள் மேசையில் பத்து நிமிடத்தில் வராது. சாட்சியோடு போங்கள். மெம்டெஸ்டின் சிவப்பு வரிகளை ஃபோட்டோ எடுங்கள், வீயா 18-இன் பதிவுகளை அச்சிடுங்கள், உறைந்த நேரத்தில் வீடியோ எடுங்கள், மேலே சொன்ன தாளின் நகலை இணையுங்கள். எந்தச் சோதனையை எவ்வளவு நேரம் ஓட்டினால் கோளாறு வருகிறது என்று ஒரு வரியில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டுங்கள். கவுன்டரில் வாயால் சொன்னது உள்ளே இருப்பவருக்குப் போய்ச் சேராது.

சரியாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்?

பழைய தாளை எடுங்கள். சராசரியாக எத்தனை நாளுக்கு ஒருமுறை நின்றது என்று பாருங்கள். அதைப்போல் மூன்று மடங்கு காலம் நிற்காமல் ஓட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை நின்ற கணினி ஆறு நாள் ஓடினால், அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 5 சதவீதம். மூன்று நாள் ஓடியதுமே சரியாகிவிட்டதென்று சொல்வது அவசரம். நாலைந்து பேரில் ஒருவருக்கு ஒன்றுமே செய்யாமலும் அவ்வளவு நாள் ஓடியிருக்கும்.

அந்த ஆறு நாள் முடிந்தபின் எக்ஸ்எம்பியைத் திரும்பப் போடுங்கள். அதற்கும் ஆறு நாள். பிறகு முன்பக்க யூஎஸ்பி.